விதை எண் 2218

எக்கோசவுண்டர் பழுதுபார்க்கும் மேசையில்
ஒரு பக்கம் உப்பு அரித்த சர்க்யூட்டுகள்,
மறுபக்கம் என் நிலவறை.
மண்டபம் தென்கடலில் தடைக்காலம்.
அறுபத்தொரு நாள்
விசைப்படகுகள் தோளோடு தோள் கட்டிக் கிடக்க
யாருடைய கருவியும் கெடவில்லை.
நான் கீழே தோண்டிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு முறை இறங்கும்போதும்
சுவர்கள் இடம் மாறியிருக்கும்.
போன ஆட்டத்தின் வாசல்
இந்த ஆட்டத்தில் பாறை.
செத்தால் செத்ததுதான்.
சேர்த்த மருந்தும் போச்சு, கேடயமும் போச்சு.
மறுபடி முதல் தளம்,
கையில் ஒரு சுளுக்கி, நாலு தீக்குச்சி.

ராட்சசர்களை வரைய எனக்கு வராது.
தெரிந்ததை உள்ளே விட்டேன்:
ஒன்றில் நண்டு,
மூன்றில் குழைகுழையாய்ச் சொறி,
ஆறில் மணலுக்குள் புதைந்த திருக்கை.
ஐந்தாம் தளத்தில் கடல் அட்டை
சும்மா கிடக்கும், ஒன்றும் செய்யாது.
தொட்டால் வனத்துறை வரும்.

நம்புச்செல்வி சிரித்தது அங்கேதான்.
நண்டு கம்பெனியில் சதை பிரிக்கிறவள்.
ஷிப்ட் முடிந்து, விரல் நுனிகள் ஊறி வெளுத்து,
தொடுதிரைக்கு அடையாளம் தெரியாத கையோடு
பஸ் வரும்வரை ஆடுவாள்.
கட்டைவிரல் எடுக்காத ஒரு நாள்
மூக்கால் இரண்டு கட்டம் நகர்ந்தாள்.

"சொறிக்கு இவ்வளவு உசிரு வச்சா
யாருண்ணே தாண்டுறது?"
குறைத்தேன்.
மறுநாள், "இப்ப சப்புன்னு இருக்கு."
கூட்டினேன்.

வரைபடம் ஒவ்வொன்றும் ஓர் எண்ணிலிருந்து முளைக்கும்.
பிழை பார்க்க எனக்காக
அந்த விதையைத் திரை மூலையில்
பொடி எழுத்தில் விட்டிருந்தேன்.
அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.
அதே எண்ணைத் தட்டினால்
அதே சுவர், அதே நண்டு, அதே இருட்டு.
எண்ணி முடியாத நிலவறைகளை நான் திறந்து வைத்திருக்க
2218-லேயே இறங்கினாள்
முப்பத்தோரு தடவை.

"மாறணும்னுதானே செஞ்சிருக்கேன்" என்றேன்,
கொஞ்சம் கோபமாகவே.
"மாறுறதெல்லாம் வெளிய போதும்ணே.
எடைக்கூலி மாறுது, பஸ் நேரம் மாறுது."

பிறகு எடைச்சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள்.
பேனாவில் போட்ட ஆறாம் தளம்.
நடுவே ஒரு அறை. நாலு பக்கமும் சுவர்.
வாசல் இல்லை.
கல் இடுக்கில் மட்டும் மஞ்சள் வெளிச்சம்.
"உள்ள யாருண்ணே?"

யாரும் இல்லை.
பாதை வெட்டும் வரியில்
ஒன்றைக் கழிக்க மறந்திருக்கிறேன்.
விளக்கு வைக்கும் வரிக்குக்
கதவைப் பற்றிக் கவலை கிடையாது.
இரண்டு நிமிட வேலை.
"வாசல் வச்சிரட்டுமா?"
பஸ் வந்துவிட்டது. படியில் ஏறிக்கொண்டே,
"வேணாம். அப்புறம் எல்லா ரூம் மாதிரி ஆயிரும்."

அன்றிரவு கரண்ட் போனது.
லேப்டாப்பில் இருபது சதவீதம் மிச்சம்.
அதற்குள் ஒரு பொருளைப் புதிதாக எழுதினேன்:
சின்ன ஆழமானி.
சுவரில் வைத்து அழுத்தினால் ஒலி போகும்,
திரும்பி வந்து, அப்பால் எத்தனை பாகம் என்று சொல்லும்.
ஒரு கட்டம், ஒரு பாகம்.
இலவசமில்லை.
சத்தத்துக்கு அந்தத் தளமே விழித்துக்கொள்ளும்.

தடை முடிந்தது.
கடை வாசல்வரை டீசல் வாடை.
இரண்டே நாளில் மேசை நிறையக் கருவிகள்.
ஆழம் காட்டலை,
ஆழம் தப்பாக் காட்டுது,
நேத்து காட்டுச்சு இன்னைக்குக் காட்டலை.

விடிகாலை நாலு பத்துக்கு அவள் செய்தி:
"ஆறாவதுல அழுத்திப் பாத்தேன்.
திருக்கை மூணு சேந்து வந்து கொன்னுருச்சு.
ஆனா சத்தம் திரும்பிச்சுண்ணே.
பதினேழு பாகம்."

அந்த அறை நாலு கட்டம்.
சீட்டில் அவளே எண்ணிப் போட்டிருந்தாள்.

மேசையில் ஒன்பது கருவிகள்
பெயர் எழுதி ஒட்டி வரிசையில் இருந்தன.
ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.
எண்ணைத் தட்டினேன்.
முதல் தளம்.
கையில் ஒரு சுளுக்கி, நாலு தீக்குச்சி.